முதலில் உட்காரச் சொல்லுங்கள்

தமிழில் ‘விசாரிப்பது’ என்றால் நலம் கேட்பது. ஊருக்குக் கிளம்புகிறவரிடம் ‘அத்தையை விசாரிச்சேன்னு சொல்லு’ என்று சொல்லி அனுப்புகிறோம். அதே சொல் காவல் நிலையப் படி ஏறியதும் கையை ஓங்கிவிடுகிறது. ‘நல்லா விசாரிச்சு அனுப்புங்க சார்’ என்று புகார் கொடுக்க வந்தவர் சொன்னால் அவர் எதைக் கேட்கிறார் என்பது பாரா நிற்பவருக்கும் தெரியும், டீ கொண்டுவந்த பையனுக்கும் தெரியும். கழிவறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி மாவுக்கட்டோடு ஒருவர் நிற்கும் படம் வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துபோகிற அளவுக்கு இது நமக்குப் பழகிவிட்டது.

புதிதாகப் பொறுப்பேற்ற உதவி ஆய்வாளரை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். அடிப்பது பாவம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிரில் இருப்பவருக்குத் தெரிந்ததை, அவருக்குத் தெரிந்தபடியே, நீதிமன்றத்தில் நிற்கும்படி வாங்குவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. அது கைத்தொழில், பழகினால் வரும்.

கிட்டியும் சட்டமும்

கிட்டி என்ற கருவியை இன்று யாரும் பார்த்திருக்க மாட்டோம். இரண்டு கட்டைகளுக்கு இடையில் விரல்களை வைத்து நெருக்குவது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய அரசு அமைத்த குழு 1855-ல் கொடுத்த அறிக்கையில் கிட்டியைப் பற்றி நிறையவே இருக்கிறது. அந்தக் காலத்தில் வரி வசூலிக்கிறவரும் திருடனைப் பிடிக்கிறவரும் ஒரே தாசில்தார்தான். வரிப் பாக்கிக்கும் களவுக்கும் ஒரே கிட்டி.

அறிக்கை அலமாரியில் தூங்கவில்லை. 1859-ல் மாகாணக் காவல் துறையைத் தனியாகப் பிரித்துச் சட்டம் வந்தது. 1861-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்றது. அது 1872 சாட்சியச் சட்டத்தில் 25, 26-ஆம் பிரிவுகளாகி, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவாக இருக்கிறது. அதாவது 160 ஆண்டுகளுக்கும் மேலாக நம் சட்டம் போலீஸிடம் சொல்வது இதுதான்: நீங்கள் வாங்கும் ஒப்புதல் எனக்கு வேண்டாம்.

பிறகு ஏன் அடி நிற்கவில்லை? என் கணக்கில் காரணம் அந்தச் சட்டம் திறந்துவைத்த ஒரு ஜன்னல். காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். பழைய 27-ஆம் பிரிவு. இன்று 23-ஆம் பிரிவின் விதிவிலக்கு. 1946-ல் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் அந்த ஜன்னல் எவ்வளவு சிறியது என்று அளந்து காட்டியது. கத்தியை ஒளித்துவைத்த இடம் அவருக்குத் தெரியும் என்பது செல்லும். அந்தக் கத்தியால்தான் குத்தினேன் என்பது செல்லாது. நிலையத்தில் இந்த ஜன்னலுக்கு ‘ரெக்கவரி’ என்று பெயர். மேலிடத்திலிருந்து போன் வந்தால் ‘ரெக்கவரி ஆச்சா?’ என்பதுதான் முதல் கேள்வி. லத்தி அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறது.

இப்போது அந்த வழியும் குறுகிவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளியாகப் பதிவு செய்யச் சொல்கிறது. புதரிலிருந்து நகை எடுக்கப்படும் காட்சியில் எடுத்துக் கொடுப்பவர் நொண்டிக்கொண்டு வந்தால் அதுவும் பதிவாகும். வாக்குமூலமோ பொருளோ வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை, கொடுங்காயமானால் 10 ஆண்டு வரை சிறை. அந்தப் பிரிவை விளக்கச் சட்டமே முதலில் காட்டும் உதாரணம் ஒரு போலீஸ் அதிகாரி.

மற்றவர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்

இங்கிலாந்தில் கில்ஃபோர்டு மதுக்கடைகளில் 1974-ல் குண்டு வெடித்தது. நான்கு பேர் ஒப்புக்கொண்டதாக வழக்கு. 1975-ல் ஆயுள் தண்டனை. விசாரணைக் குறிப்புகளில் போலீஸார் கைவைத்திருந்தது வெளிவந்து அவர்கள் விடுதலையானபோது 1989. தவறான ஆளைப் பிடித்தால் சரியான ஆள் நிம்மதியாகத் தூங்குகிறான்.

இடையில் 1984-ல் வந்த சட்டம் விசாரணைகளை ஒலிநாடாவில் பதிவு செய்ய வைத்தது. அந்தப் பதிவுகள் கைக்கு வந்ததும் ஜான் பால்ட்வின் என்ற ஆய்வாளர் 600 விசாரணைகளை உட்கார்ந்து கேட்டார், பார்த்தார். 1990-களின் தொடக்கத்தில் அவர் சொன்ன முடிவு பலருக்கு அதிர்ச்சி. அங்கே பெரும்பாலும் கொடுமை இல்லை, கையாலாகாத்தனம்தான் இருந்தது. வழக்கைப் படிக்காமல் வந்து உட்கார்ந்த அதிகாரிகள், பதற்றத்தில் கேள்விமேல் கேள்வி அடுக்கியவர்கள், இவன்தான் என்று முடிவுகட்டிவிட்டு அதற்குத் தலையாட்ட வைக்கப் பார்த்தவர்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் நிலையங்கள்தான் நினைவுக்கு வந்தன. அடிக்கிற அதிகாரியை வில்லனாகவே பார்த்துப் பழகிவிட்டோம். பல நேரம் அவருக்குக் கேட்கத் தெரியாது, அவ்வளவுதான். அவரை அந்த அறைக்கு அனுப்பியவர்கள் கேட்கக் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

அங்கே 1992-ல் வந்த முறைக்கு ‘பீஸ்’ என்று பெயர். தயாரிப்பு, அறிமுகமும் விளக்கமும், முழுக் கதையைக் கேட்டுத் தெளிவுபடுத்தல், முடித்தல், மதிப்பிடுதல் என ஐந்து படிகளின் ஆங்கில முதலெழுத்துகள். நார்வே தன் சொந்தப் பிழையிலிருந்து இதற்கு வந்தது. 1995-ல் ஒரு பதினேழு வயதுப் பெண் கொலையான வழக்கில் உறவுக்காரப் பையன் நீண்ட விசாரணைக்குப் பின் ஒப்புக்கொண்டான். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1998-ல் மேல்முறையீட்டில் விடுதலை. அவன்மேல் யாரும் கை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தனிமையும் நயமான பேச்சும் போதுமானதாக இருந்தன. அதனால்தான் ‘அடிக்காதே’ என்பதோடு பாடம் முடிவதில்லை.

2021-ல் வெளியான மெண்டஸ் கோட்பாடுகள் இந்த அனுபவங்களை உலகம் முழுமைக்கும் பொதுவாக்கின. பெயருக்குரியவர் ஹுவான் மெண்டஸ். அர்ஜென்டினா வழக்கறிஞர், அங்கே சிறையில் தாமே சித்திரவதைப்பட்டவர், பின்னாளில் சித்திரவதை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர். இந்தியா சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010-ல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் சட்டமாகாமலே காலாவதியானது. அது தில்லியின் வேலை. உங்கள் மேஜையில் செய்யக்கூடியதற்கு வருவோம்.

கூப்பிடுவதற்கு முன்

ஒரு வழக்கை வைத்துப் பேசலாம். பயிற்சிக்காகக் கட்டிய கதை. சிறு நகரத்தில் ஒரு இரும்புக் கடை. காலையில் முதலாளி கடை திறந்தால் கல்லாவில் இருந்த 1,80,000 ரூபாயைக் காணோம். ஷட்டர் உடையவில்லை. முந்தின இரவு கடைசியாகப் பூட்டியது இருபத்திரண்டு வயதுப் பையன். ‘அவன்தான் சார், நாலு தட்டு தட்டினா கக்கிடுவான்’ என்கிறார் முதலாளி.

பையனைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உறுதியாகத் தெரிந்தவை: பணம் இல்லை, பூட்டு உடையவில்லை. வலப்பக்கம் தெரியாதவை: சாவி எத்தனை, யார் யாரிடம், பணம் இருந்தது யாருக்கெல்லாம் தெரியும், முதலாளி கடைசியாக எண்ணியது எப்போது. ‘அவன்தான்’ என்பது எந்தப் பக்கத்திலும் வராது. அது முதலாளியின் எண்ணம்.

பிறகு தெருவில் இறங்குங்கள். எதிரில் இருக்கும் மருந்துக் கடையின் கேமராவில் இரவு 9.40-க்குப் பையன் திரும்பி வந்து ஷட்டர் அருகே நிற்பது தெரிகிறது. அதன்பின் ஒரு லாரி வந்து நின்று மறைத்துவிடுகிறது. லாரி போனபோது பையன் இல்லை. இது நல்ல தடயம். ஆனால் இரண்டு பக்கமும் சாயக்கூடியது. பையன் அங்கே நின்றதற்கு எத்தனை விதமான காரணங்கள் இருக்கலாம் என்று எழுதிப் பாருங்கள், அவனுக்குச் சாதகமானவையும் சேர்த்து. மூன்றாவது காரணம் தோன்றும்வரை பேனாவைக் கீழே வைக்காதீர்கள்.

சாட்சியாகக் கூப்பிடுகிறீர்களா, சந்தேக நபராகவா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ‘சும்மா ஒரு விசாரணை, வந்துட்டுப் போ’ என்ற வகை எதுவும் சட்டத்தில் இல்லை. சந்தேக நபரானால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-இன் கீழ் எழுத்தில் அறிவிப்பு. சாட்சியானால் 179, அதிலும் பெண்களையும், 15 வயதுக்குக் கீழோ 60-க்கு மேலோ உள்ள ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. நீங்கள்தான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

அறை

பல நிலையங்களில் கூப்பிடப்பட்டவர் செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையில் உட்காருவார், அல்லது மணிக்கணக்கில் நிற்பார். யாரும் உத்தரவு போட்டதில்லை, வழக்கம். அந்த வழக்கத்தை உடைப்பதுதான் உங்கள் முதல் வேலை. நாற்காலி போடுங்கள். அதுவும் உங்கள் நாற்காலியின் உயரத்திலேயே. தண்ணீர் வையுங்கள். சாப்பிட்டானா என்று கேளுங்கள். ‘டேய்’ வேண்டாம். வயதில் சிறியவனானால் ‘தம்பி’ போதும்; பெரியவர்களுக்கு ‘ஐயா’, ‘அம்மா’.

இதைத் தயவு என்று நினைக்காதீர்கள். பயத்திலும் தூக்கமின்மையிலும் நினைவு சிதறும். அமெரிக்க ராணுவத்தினரைப் பயிற்சியின்போது கடுமையான விசாரணைக்கு உட்படுத்திவிட்டு, மறுநாள் விசாரித்தவரை அடையாளம் காட்டச் சொன்ன ஆய்வு ஒன்று 2004-ல் வந்தது. எதிரே நின்று கத்திய மனிதரின் முகத்தையே பெரும்பாலோரால் சரியாகக் காட்ட முடியவில்லை. பயிற்சி பெற்ற சிப்பாய்க்கே அப்படியென்றால், இரும்புக் கடைப் பையன் பயத்தில் நேரத்தையும் முகங்களையும் எப்படிச் சரியாகச் சொல்வான்?

பிறகு சொல்ல வேண்டியவற்றைச் சொல்லுங்கள். நீங்கள் யார், எதற்காகக் கூப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், பேச்சு பதிவாகிறது. தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல அவனுக்குக் கடமை இல்லை. அரசியலமைப்பின் 20(3) தரும் பாதுகாப்பு காவல் நிலைய விசாரணைக்கும் உண்டு என்று 1978-லேயே நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைதானவரானால் விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38-ஆம் பிரிவு உரிமை தருகிறது. வீட்டில் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும். இவற்றையெல்லாம் 1996-ல் டி.கே. பாசு தீர்ப்பு வரிசைப்படுத்தியது. தீர்ப்பின் விதிகள் நிலையச் சுவரில் பலகையாக இருக்கும். பலகைக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள்.

கேமரா இருக்கும் அறையிலேயே பேசுங்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும் ஒலியோடு சேர்ந்த கண்காணிப்புக் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. பல அதிகாரிகள் இதைத் தங்கள்மேல் வைத்த கண்ணாக நினைக்கிறார்கள். நாளை அந்தப் பையன் ‘அடித்தார்’ என்று பொய் சொன்னால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தக் கேமராதான்.

கேள்வி

கேட்கக் கூடாத கேள்வி இது:

“ஒன்பது நாப்பதுக்குத் திரும்பி வந்து ஷட்டரைத் திறந்து கல்லாவுல கை வச்சே, இல்ல?”

இந்த ஒரு வாக்கியத்தில் உங்களிடம் இருந்த நேரம், தடயம், சந்தேகம் மூன்றையும் பையனிடம் கொடுத்துவிட்டீர்கள். இனி அவன் ‘ஆமா சார்’ என்று சொன்னாலும் உங்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. பொய்யான ஒப்புதல்களில் குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள் இருப்பதைப் பார்த்து நீதிபதிகள் நம்பியிருக்கிறார்கள். அந்த விவரங்கள் பெரும்பாலும் கேட்டவர் வாயிலிருந்து நழுவி விழுந்தவை. அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனையால் நிரபராதி என்று வெளிவந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள்.

கேட்க வேண்டியது:

“தம்பி, அன்னிக்குச் சாயங்காலம் கடை சாத்த ஆரம்பிச்சதுலேருந்து வீட்டுக்குப் போய்ப் படுத்த வரைக்கும் நடந்ததைச் சொல்லுங்க. சின்ன விஷயம்னு எதையும் விட வேண்டாம். அவசரமில்ல.”

இதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி: வாயை மூடிக்கொள்வது. பையன் இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்துவான். உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அநேகமாக ஏழில் அவன் மறுபடி தொடங்குவான். குறிப்பெடுங்கள், குறுக்கிடாதீர்கள். நின்றுவிட்டால் ‘அப்புறம்?’ போதும்.

கதை முடிந்ததும் அதைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். ‘சாவியைக் கொடுத்தேன்னு சொன்னீங்க. அந்த இடத்தைக் கொஞ்சம் சொல்லுங்க. யார் வாங்கினாங்க, அப்ப அவங்க என்ன செஞ்சுட்டிருந்தாங்க?’ சாட்சிகளிடம் அந்த இடத்தை மனத்தில் கொண்டுவரச் சொல்வது, என்ன சத்தம், என்ன வாசனை என்று கேட்பது, கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வது ஆகியவை நல்ல பலன் தரும். 1980-களில் ஃபிஷர், கைசல்மன் என்ற இருவர் வகுத்த முறை அது.

சொல்லைப் பார்த்துப் போடுங்கள். 1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் ‘இடித்தபோது’ என்றும் சிலரிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தோம் என்று சொன்னவர்கள் முதல் வகையில் 50-க்கு 7 பேர். இரண்டாவதில் 16 பேர். படத்தில் கண்ணாடியே உடையவில்லை.

தடயத்தை எப்போது எடுப்பது

நம் பையன் கடை சாத்தினான், ஒன்பது மணிக்கு முதலாளி வீட்டில் சாவி கொடுத்தான், வீட்டுக்குப் போனான் என்கிறான். 9.40 வரவில்லை. இங்கேதான் மேஜையைத் தட்டத் தோன்றும். தட்டாதீர்கள். ‘சாவி கொடுத்த பிறகு நேரா வீடுதானா, வழியில எங்கேயாவது நின்னீங்களா?’ என்று கேளுங்கள். கதவை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வாருங்கள். அதன்பின் குரல் உயராமல்: ‘எதிர்க் கடை கேமராவுல 9.40-க்கு நீங்க ஷட்டர்கிட்ட நிக்கிறது தெரியுது. அதைப் பத்திச் சொல்லுங்க.’

“ஐயோ, ஆமா சார். ஹெல்மெட்டை உள்ளயே விட்டுட்டேன், அதுக்கு வந்தேன். வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்துட்டது ஞாபகம் வந்துச்சு. உள்ள லைட் எரிஞ்சுது சார், ஷட்டர் அடியில தெரிஞ்சுது. ஓனரோட மச்சான் கணக்கு பாக்குறார்னு நினைச்சுத் திரும்பிட்டேன். அவரைப் பத்திப் பேசினா வேலை போயிடும்னுதான்...”

அந்த வெளிச்சம் உங்கள் தாளில் எந்தப் பக்கத்திலும் இல்லை. பையன் சொல்வது உண்மையா என்பது இன்னும் தெரியாது. மச்சானின் போன் அன்றிரவு எங்கே இருந்தது, இரண்டாவது சாவி யாரிடம் என்று பார்த்தால்தான் தெரியும். ஆனால் நாலு தட்டு தட்டியிருந்தால் கிடைத்திருப்பது ‘ஆமா சார், எடுத்தேன், செலவாயிடுச்சு’. விளக்கு எரிந்தது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

‘முழியைப் பார்த்தாலே தெரியும் சார்’ என்று பெருமைப்படும் மூத்தவர்கள் உண்டு. பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன் பற்றிய நூற்றுக்கணக்கான சோதனைகளை 2006-ல் தொகுத்துப் பார்த்தபோது சராசரி 54 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிப் போட்டால் 50.

நிலையத்தில் எழும் ஆட்சேபங்கள்

‘இதுக்கெல்லாம் நேரம் எங்கே?’ இது நியாயமான புகார். ஆள் பற்றாக்குறை உண்மை, பந்தோபஸ்து உண்மை. ஆனால் சாட்சிகள் பிறழ் சாட்சியாகிப் போன வழக்குக்கும் மனித உரிமை ஆணையத்துக்குப் பதில் எழுதுவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

‘பழைய கேடி, இதமாகப் பேசினால் மதிப்பானா?’ பழைய ஆளுக்கு அடி புதிதல்ல. எத்தனை தாங்கலாம் என்று அவனுக்குக் கணக்கு உண்டு. அவனுக்குப் பழக்கமில்லாதது, தன்னைப் பற்றி எல்லாம் படித்துவிட்டு வந்து பொறுமையாகக் கேட்கிற அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் ஹான்ஸ் ஷார்ஃப் என்ற ஜெர்மானிய விசாரணையாளர் பிடிபட்ட அமெரிக்க விமானிகளிடம் கை வைத்ததே இல்லை. தெரிந்த விஷயத்தைத் தெரிந்தவர்போலப் பேசிக்கொண்டே காட்டில் நடந்துவருவார்; விமானி அறியாமலே விட்ட இடத்தை நிரப்புவார். போருக்குப் பிறகு ஷார்ஃப் அமெரிக்காவில் குடியேறி மொசைக் கலைஞரானார். ஃப்ளோரிடா டிஸ்னி பூங்காவின் சிண்ட்ரெல்லா கோட்டைச் சுவரில் இருப்பது அவர் கைவேலை.

‘சில நேரம் ஆத்திரம் வந்துவிடுகிறது.’ இந்த ஒன்றைத்தான் நான் நேர்மையான பதில் என்பேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் நிலையத்துக்குக் கொண்டுபோனது, ஊரடங்கில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று சொல்லி. அதில் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியம் எது? கேட்க ஒரு கேள்விகூட இல்லாத இடத்தில் இருவர் உயிர் போனது. ஆத்திரம் வந்தால் அறையை விட்டு எழுந்து போங்கள். வேறொருவர் கேட்கட்டும்.

முடிக்கும்போது

அவன் சொன்னதை நீங்கள் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்லுங்கள், திருத்தச் சொல்லுங்கள். அதே சன்ஹிதாவின் 180-இன் கீழ் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது, 181 அதைத் தடுக்கிறது. ஒப்புக்கொள்ளவே விரும்பினால் அதற்கு இடம் மாஜிஸ்திரேட் முன், 183-இன் கீழ். அடுத்து என்ன நடக்கும், மறுபடி வர வேண்டியிருக்குமா என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஏதாவது ஞாபகம் வந்தால் கூப்பிட உங்கள் எண்ணைக் கொடுங்கள். இரண்டு நாள் கழித்து வரும் அந்தப் போன் சில வழக்குகளை முடித்திருக்கிறது.

அன்றே, குறிப்பு சூடு ஆறுவதற்குள், கோடு போட்ட தாளை மறுபடி எடுங்கள். இடப்பக்கத்துக்கு எது நகர்ந்தது, வலப்பக்கத்தில் புதிதாக எது சேர்ந்தது? உங்கள் குரலைப் பதிவில் ஒருமுறை கேளுங்கள். எத்தனை இடத்தில் குறுக்கே பேசினீர்கள் என்று எண்ணுங்கள். முதல் முறை கூச்சமாக இருக்கும்.

பையன் வெளியேறும் நேரத்தைப் பொது நாட்குறிப்பில் ரைட்டர் எழுதிவிட்டாரா என்று பாருங்கள். எப்படி வீட்டுக்குப் போவான் என்று கேளுங்கள். கடைசி டவுன் பஸ் ஒன்பதே காலுக்கு.